பத்தாவது பலகை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டியவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள். பிள்ளையைத் தூங்க வைக்கிறவர்கள் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஒரு துறையே திரண்டு வந்து, ஓர் ஊரில் மஞ்சள் கண் இருக்கிறதா என்று பார்த்து, எதிரே நின்ற கண் தெரியாமல் கேடயம் கொடுத்துவிட்டுப் போன கதை இது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பதற்கே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு வேண்டிய கதை.

மாயவரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவில் நாணற்படுகை என்று ஓர் ஊர். அங்கே தங்கமணி என்று ஒருத்தி. நடவு, களை, அறுப்பு என்று யார் வயலுக்குக் கூப்பிட்டாலும் போகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரே மகள் பூவிழி. அவளைக் கட்டிக்கொடுத்தது நாகப்பட்டினம் பக்கம். மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஆனி பிறந்ததும் வளைகாப்பு நடத்தி, மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தாள். கை நிறைய வளையல். கன்னத்தில் அப்பிய மஞ்சள். அன்று ஆரம்பித்த மஞ்சள் குளியலைப் பூவிழி விடவே இல்லை. பார்த்தவர்களெல்லாம், "முகத்துல மஞ்சள் என்னமா புடிச்சிருக்கு" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். தங்கமணிக்கும் பெருமைதான்.

அந்த ஊர்க் குடிதண்ணீர்க் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாக்கடை கலக்கிற வடிகாலுக்குள்ளேதான் அது போகிறது. சித்திரையில் ரோடு போட வந்த இயந்திரம் அதை வெட்டிவிட்டது. வெட்டுப்பட்ட இடத்தில் யாரோ சைக்கிள் ட்யூபைச் சுற்றிவிட்டுப் போனார்கள். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வடிகாலைக் குடிக்கும். விட்ட நேரத்தில் ஊர் குழாயைக் குடிக்கும்.

ஆடி பிறந்த வாரம் ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. காமாலை விழிப்புணர்வு இயக்ககம் என்று எழுதியிருந்தது. இறங்கியவர் வட்டார விழிப்புணர்வு அலுவலர் தியாகேசன். கெட்டவர் இல்லை, பாவம். முப்பது வருஷம் படிவம் நிரப்பியதில் மனிதர்கள் அவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிவார்கள், அவ்வளவுதான்.

மகளிர் குழுப் பெண்களைச் சமுதாயக் கூடத்தில் கூட்டி வைத்து அவர் பேசினார்.

"இருபத்தெட்டாம் தேதி உலகக் கல்லீரல் அழற்சி நாள். காமாலை இல்லாத முன்மாதிரி ஊரா நாணற்படுகையைத் தேர்ந்தெடுத்திருக்கோம். கேடயத்துல பேரு பொறிச்சாச்சு."

குழுவில் கொஞ்சம் வாய் உள்ளவள் மலர்க்கொடி. "இல்லைன்னு எப்படிங்க சார் கண்டுபுடிச்சீங்க? யாரும் வந்து பாக்கலையே," என்றாள்.

"பாத்தாத்தானம்மா இருக்கும். போன வருஷம் பக்கத்து வட்டாரத்துல ஒருத்தர் ஆர்வக் கோளாறுல பாத்துட்டார். பதினேழு பேரு. இன்னும் விளக்கக் கடிதம் எழுதிக்கிட்டிருக்கார்."

பிறகு பலகைகளைப் பிரித்தார்கள். நோயின் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை, பலகைக்கு ஒருத்தி. ஊர்வலத்தில் வரிசையாகத் தூக்கிப் போய், அவரவர் பலகையை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் பலகை பசியின்மை. பந்தியில் மூன்று தடவை சோறு வாங்குகிற நீலாம்பாளுக்கு அது போனது. இரண்டு, குமட்டல் வாந்தி. மூன்று, அசதி. தங்கமணிக்கு வந்தது நான்காவது: சிறுநீர் கடுங்காப்பி நிறமாதல். ஐந்து, காய்ச்சல். ஆறு, வலது விலாவுக்குக் கீழே வலி. ஏழு, உடம்பு அரிப்பு. எட்டு, மலம் வெளுத்துப் போதல். ஒன்பது, கண் மஞ்சளாதல், அது மலர்க்கொடிக்கு.

தச்சர் செய்து கொடுத்தது பத்துப் பலகை. பத்தாவதில், 'இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்' என்று இருந்தது. தியாகேசன் அதை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"இது சிகிச்சைத் துறையோட வாசகம். நாம விழிப்புணர்வுத் துறை. அவங்க எல்லைக்குள்ள கால் வெச்சா ஃபைல் வரும். நாம ஒன்பதோட நிறுத்திக்குவோம்."

மறுநாளிலிருந்து ஒத்திகை. வயலுக்குப் போகாமல் ஒன்பது பெண்களும் தெருவில் மேலும் கீழும் நடந்தார்கள். டீக்கடையில் நின்ற ஆண்கள், "நாலாம் நம்பர் வருது, வழி விடுங்கப்பா" என்றார்கள். தங்கமணி தலையைக் குனிந்துகொண்டு தன் வரியைச் சொன்னாள். சொல்லிச் சொல்லி ஒன்பது வரியும் மனப்பாடமாகிவிட்டது. பாத்திரம் கழுவும்போதுகூட வாய் அதையே முணுமுணுத்தது.

அப்புறம்தான் அந்தப் பலகைகள் ஒவ்வொன்றாக அவள் வீட்டுக்குள் நுழைய ஆரம்பித்தன.

பூவிழி சோற்றைத் தள்ளி வைத்தாள். "வாய் கசக்குதும்மா." மாசமாக இருப்பவள் சோற்றைத் தள்ளுவது புதிதா என்ன? குமட்டல், அதுவும் அப்படித்தான். படுத்தே கிடந்தாள், வயிற்றுப் பாரம் என்று விட்டாள் தங்கமணி. உள்ளங்கையைச் சொறிந்தாள், புது வளையல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காயெண்ணெய் தடவினாள். ஒவ்வொன்றுக்கும் வீட்டிலேயே ஒரு சமாதானம் இருந்தது. நாலாம் நாள் காலையில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றப் போன தங்கமணி அப்படியே நின்றுவிட்டாள். கடுங்காப்பியேதான். தெருத்தெருவாய்ச் சுமந்த தன் பலகை தன் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

"ஏண்டி, எத்தனை நாளா இப்படிப் போவுது?"

"சத்து மாத்திரை போடுறேன்ல, அதான். நீ ஊர்வலம் போய்ப் போய் எல்லாத்துலயும் சீக்கு பாக்குற," என்று சொல்லிவிட்டுப் பூவிழி திரும்பிப் படுத்தாள்.

தங்கமணி துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள்: 'விழிப்புணர்வு வாரத்தை முன்னிட்டு நோயாளிகள் இருபத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு வரவும்.' நாலு ஊருக்கும் ஒரே நர்சான செம்மொழியை விழாவுக்கு ஆள் திரட்ட அனுப்பியிருந்தார்கள். அவள் போன், படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பி அனுப்பிச் சார்ஜ் இறங்கிக் கிடந்தது.

வேறு வழியில்லாமல் ஒத்திகையில் நின்ற தியாகேசனிடமே போனாள்.

"சார், எம்மவளுக்கு நாலாம் நம்பர் வந்திருக்குங்க."

"நாலாம் நம்பர் நீங்கதானம்மா."

"நான் தூக்குறது நாலுங்க. அவளுக்கு வந்தது நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு எல்லாம் இருக்கு. கண்ணுதான் புடிபடல. மஞ்சக் குளிக்கிறா, வீட்டுல வெளிச்சமும் பத்தல."

"கண்ணு ஒன்பது. அதை மலர்க்கொடிதான் சொல்லணும். பலகைக்கு ஒரு பொறுப்பாளர்னு மேலே எழுதி அனுப்பியிருக்கேன்."

"நான் என்னத்தங்க சொல்றது? எனக்குத் தூக்கத்தான் தெரியும்," என்றாள் மலர்க்கொடி.

"பாத்தீங்களா," என்றார் தியாகேசன், விஷயம் தீர்ந்துவிட்டதுபோல.

"அப்ப மாயவரத்துல டாக்டர்கிட்ட காட்டிட்டு வரட்டுங்களா?"

"தாராளமாக் காட்டுங்க. இருபத்தொம்பதாம் தேதி. அதுக்கு முன்னாடி காட்டினா அது கேஸ். பின்னாடி காட்டினா வெறும் நோய்தான். ரெண்டே நாள்தானேம்மா. இருபத்தெட்டாம் தேதி இயக்குநர் ஐயாவே வர்றார், அவரும் டாக்டர்தான். ஒரு வார்த்தை சொல்லிப் பாப்போம்."

அரசாங்கத்து ஆள் சொன்னால் கேட்டுப் பழகிய உடம்பு அவளுடையது. திரும்பிவிட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. அவள் தாய் செய்கிற வேலை ஒன்று ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஒரு கொட்டாங்கச்சியில் மகளின் சிறுநீரைப் பிடித்து, ஒரு பிடி வெள்ளைச் சோற்றைப் போட்டு வைத்தாள். விடிந்து பார்த்தால் பருக்கை பருக்கையாக மஞ்சள். இது டாக்டர் சொல்கிற சோதனை இல்லை, கண்ணுகளா. அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஆனால் அவளை உட்காரவிடாமல் செய்தது அந்தச் சோறுதான். வாழையிலைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள்.

தியாகேசன் கையை நீட்டி இலையை விலக்கினார். "எலுமிச்சம் சாதமா? ஒத்திகைக்கெல்லாம் எதுக்கும்மா சிரமம்."

"சாப்புட்றாதீங்க சார். எம்மவ மூத்திரத்துல ஊறின சோறு அது."

அவர் கை அந்தரத்தில் நின்றது. அன்றைக்கு நீலாம்பாளே தனக்குப் பசியில்லை என்று சொன்னாள்.

இலையை மறுபடி மூடிவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார். "சோறு படிவத்துல இல்லம்மா."

இருபத்தெட்டாம் தேதி வந்தது. நோயின் நிறம் மக்கள் மனத்தில் பதிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பந்தல் துணி மஞ்சள். பெண்களுக்கு மஞ்சள் புடவை, ஆண்களுக்கு மஞ்சள் தொப்பி. மதியத்துக்கு எலுமிச்சம் சாதம். அதைத் தியாகேசன் மட்டும் தொடவில்லை. குடிக்க, குழாய்த் தண்ணீரில் மஞ்சள் பொடி கரைத்த பானம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அந்தப் பந்தலில் நல்ல கண்ணுக்கும் கண்டதெல்லாம் மஞ்சள்தான்.

மாயவரம் போகிற வண்டியெல்லாம் கூட்டம் ஏற்றப் போய்விட்டதால், தங்கமணி மகளைக் கைத்தாங்கலாகப் பந்தலுக்கே கூட்டி வந்திருந்தாள். பூவிழி நாற்காலியில் சரிந்து தூங்கினாள். இரண்டு நாளாகப் பகலெல்லாம் தூக்கம்.

இயக்குநர் மேடை ஏறினார். பானத்தில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு டம்ளரை வைத்தார். தியாகேசன் மரியாதைக்காக இரண்டு டம்ளர் குடித்தார்.

"நோயைக் கண்டுபிடிக்க யாரால வேணும்னாலும் முடியும்," என்று இயக்குநர் ஆரம்பித்தார். "கண்டுபிடிக்காம இருக்கிறதுக்குத்தான் நிர்வாகத் திறமை வேணும். மூணு வருஷமா நம்ம இயக்ககம் ஒரு நோயாளியைக்கூடத் தொந்தரவு செஞ்சதில்லை. முதல் வருஷம் நோயாளிகளைக் குறைச்சோம். ரெண்டாம் வருஷம் படிவத்தைக் குறைச்சோம். அது இன்னும் சுலபமா இருந்துது."

கைதட்டினார்கள். தியாகேசன் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் இறங்கி, படம் எடுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு பூவிழியிடம் வந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள். பக்கத்தில் நின்ற மலர்க்கொடியின் இமையைப் பார்த்தார். மஞ்சள். தியாகேசனைக் குனியச் சொல்லிப் பார்த்தார். மஞ்சள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. வித்தியாசம் இல்லைன்னா நார்மல்," என்றார்.

தங்கமணிக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை. மகளின் கையைப் பிடித்து, "வா பூவு, வெயிலுக்கு" என்று எழுப்பினாள். பந்தலுக்கு வெளியே எட்டே எட்டு அடி. "தலை சுத்துதும்மா" என்றாள் பூவிழி. வெயிலில் நின்றதும் தங்கமணியின் கையிலிருந்து மஞ்சள் போனது, முகத்திலிருந்து போனது. பூவிழியின் கண்ணிலிருந்து மட்டும் போகவில்லை. நறுக்கி வைத்த பசுமஞ்சள் துண்டுபோல இருந்தது இரண்டு கண்ணும்.

பந்தல் ஓரத்தில் தொப்பி விநியோகித்துக்கொண்டிருந்த நர்சு செம்மொழி அதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த தொப்பிகள் அப்படியே விழுந்தன.

"அக்கா, எப்போலேருந்து இப்படித் தூங்கி வழியுறா?"

"ரெண்டு நாளாம்மா."

"மாயவரம். இப்பவே. எட்டாம் மாசம் இவளுக்கு."

தியாகேசன் ஓடி வந்தார். "சிஸ்டர், இன்னும் நன்றியுரை இருக்கு."

"நீங்க நன்றி சொல்லிக்கிட்டே இருங்க சார். நான் போயிட்டு வந்துடறேன்."

அங்கே நின்ற ஒரே வண்டி ஹாஜா மைதீனின் ஆட்டோ. விளம்பரத்துக்கு வாடகைக்குப் பிடித்தது. மேலே குழாய் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுப்பெட்டிக்குப் பூட்டு; சாவி தியாகேசன் பையில். அதைக் கேட்டு வாங்க நேரமில்லை. மூவரும் ஏறினார்கள். ஒலிபெருக்கி அலறிக்கொண்டே ஆட்டோ கிளம்பியது.

'ஒன்று, பசியின்மை. இரண்டு, குமட்டல் வாந்தி' என்று அது வாய்க்கால் மதகைத் தாண்டியது. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். 'ஒன்பது, கண் மஞ்சளாதல்' என்று முடித்து, நாயனம் வாசித்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

"தம்பி, இது ஒன்பதோட நிக்குதே," என்றாள் தங்கமணி.

"அதுக்கு மேல பதியலையாம்க்கா. எல்லை தாண்டிடுமாம்," என்றார் ஹாஜா மைதீன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மைக்கு இங்கதான் தொங்குது. வேணும்னா நீங்க தாண்டுங்க."

மடியில் மகள் தலை. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு தங்கமணி மறுகையால் மைக்கை எடுத்தாள். நாயனம் வரும்போதெல்லாம் பேசினாள். கத்தவில்லை, கத்தவும் வராது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"பத்தாவதுங்க. இதுல எது தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இருபத்தொம்பதாம் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. மாசமா இருக்கிற புள்ளைங்களை வெயில்ல நிறுத்திக் கண்ணைப் பாருங்க. தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க. அவ்வளவுதாங்க."

மாயவரம் எல்லை வரைக்கும் பதினோரு தடவை சொன்னாள். பன்னிரண்டாவது தடவை குரல் எழவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார். "தண்ணி வழியா வர்ற வைரஸ்மா. கல்லீரலைத் தாக்குது. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் தானாப் போயிடும். கடைசி மாசங்கள்ல இருக்கிறவங்களுக்குத்தான் பொல்லாதது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ."

இருபத்திரண்டு நாள். முதல் ஆறு நாள் பூவிழி தாயை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். ஏழாம் நாள் கண் திறந்து, "வளையலை எல்லாம் எங்கம்மா கழட்டி வெச்ச?" என்று கேட்டாள். தங்கமணி அப்போதுதான் அழுதாள். ஆவணியில் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பெண். குந்தவை என்று பேர் வைத்தார்கள். அந்த ரோட்டோர ஊர்களிலிருந்து அந்த வாரம் மட்டும் பதினான்கு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்ததாகச் செம்மொழி பிற்பாடு சொன்னாள். யார் அனுப்பியது என்று கேட்டால், ஒரு அம்மா மைக்கில் சொல்லிக்கொண்டே போச்சு என்றார்களாம்.

காமாலைக் கணக்கில் நாணற்படுகைக்கு இருந்த பூஜ்யத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பூவிழி கட்டிக்கொடுத்த பெண் என்பதால் அவள் காமாலையைப் புகுந்த ஊர்க் கணக்கில் எழுதிவிட்டது இயக்ககம். குழாயைச் சரிசெய்யச் சொல்லித் தங்கமணி மனு கொடுத்தாள். 'காமாலை இல்லாத முன்மாதிரி ஊர் எனக் கேடயம் பெற்ற ஊரில் குடிநீர்க் குழாய் பழுதுபட்டிருக்க வாய்ப்பில்லை' என்று பதில் வந்தது. அவள் அதை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

விழா முடிந்து ஐந்து வாரம் இருக்கும். கேடயத்தைச் சமுதாயக் கூடத்தில் மாட்டுவதற்குத் தியாகேசன் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குழுவில் அன்று கூடம் பெருக்கும் முறை தங்கமணிக்கு. மரியாதைக்கு டீ வாங்கி வந்து நீட்டினாள்.

"வேண்டாம்மா. வாய் கசக்குது."

தங்கமணி டம்ளரைக் கீழே வைத்தாள். ஆணி அடிக்க ஸ்டூலில் ஏறியவர் பாதியில் இறங்கி, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முழங்கையைச் சொறிந்தார்.

"ஒண்ணு, மூணு, ஏழு," என்றாள் தங்கமணி. "கண்ணாடியைக் கழட்டிட்டு வெயிலுக்கு வாங்க சார்."

அவர் கழற்றவில்லை. "தெரியும்மா. நாலு நாளாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சார் சும்மா இருக்கீங்க?"

"போனா கேஸ் ஆயிடும். எங்க தண்ணி குடிச்சேன்னு எழுதணும். இந்த ஊர்னு எழுதினா பூஜ்யம் போயிடும். நானே விளக்கக் கடிதம் கேட்டு நானே எழுதணும்." குரல் தேய்ந்தது. "முப்பது வருஷ சர்வீஸ்மா."

தங்கமணிக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் படியில் உட்கார்ந்திருந்த அந்த உடம்பைப் பார்த்தால் கோபப்பட இடமில்லை. உள்ளே போய், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த பத்தாவது பலகையை எடுத்துத் தூசி தட்டி அவர் மடியில் வைத்தாள்.

"படிங்க சார்."

அவர் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி படித்தார். "இவற்றில் எது தெரிந்தாலும், உடனே."

"இது எந்தத் துறை சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலைம்மா," என்றார்.

தங்கமணி ஹாஜா மைதீனுக்குப் போன் போட்டாள். "தம்பி, மறுபடியும் மாயவரம். இந்தத் தடவை பாட்டு வேணாம்."

அலுவலரின் பெயர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறிய ஏழாம் நாள் நாணற்படுகைக்குப் புதுக் குழாய் வந்தது. வடிகாலுக்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். மனு என்பது ஓர் அதிகாரியின் கல்லீரல் வழியாகப் போனால்தான் மேலே போய்ச் சேரும்போல. தியாகேசன் பிழைத்துக்கொண்டார், விளக்கக் கடிதமும் எழுதினார். தண்ணீர் குடித்த இடம் என்ற கட்டத்தில், நாணற்படுகை என்று அவரே தன் கையால் எழுதினார் என்று சொல்கிறார்கள்.

இப்போது அந்த ஊரில் வளைகாப்பு என்றால், பெண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு முன்னால் வாசலுக்குக் கூட்டி வந்து வெயிலில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார்கள். பார்க்கிறவள் பெரும்பாலும் தங்கமணிதான். இடுப்பில் பேத்தி இருப்பாள்.

நேரமாயிற்று, கண்ணுகளா. எழுந்து போகும்போது உங்கள் பிள்ளைகளின் கண்ணை ஒரு தரம் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் வீட்டில் மஞ்சள் கன்னத்தோடு நிற்கட்டும். கண்ணின் வெள்ளை பச்சரிசிச் சோறாக இருக்கட்டும். உங்கள் அடுப்பில் தண்ணீர் கொதித்து ஆறட்டும். தூக்கிய பிள்ளைக்கு இடுப்பு தாங்கட்டும், உண்ட சோறு உடம்பில் ஒட்டட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்கிற யாருக்கும் பத்தாவது வரியைச் சொல்ல உங்களுக்கு வாயும் மனசும் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.